தேடி வந்த பெற்றோர், கீழிறங்கிச் சென்ற பிள்ளை

(திருக்குடும்பத் திருவிழா அன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



கிறிஸ்து பிறப்பு விழாவின் மகிழ்ச்சி இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. குடிலில் குழந்தை இயேசு படுத்திருக்கிறார். ஆனால், இன்று நாம் சிந்திக்கும் லூக்கா நற்செய்திப் பகுதியில் (2:41-52) அவர் குழந்தை அல்ல. 12 வயது நிறைந்த சிறுவர். நம் ஊர்க் கணக்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளை. இயேசுவின் வளரிளம் பருவத்தைப் பற்றி நான்கு நற்செய்தியாளர்களில் லூக்கா ஒருவர்தாம் எழுதுகிறார். அவரும் ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் தருகிறார். அந்த ஒரு நிகழ்ச்சியும், பிள்ளையைக் காணாமல் பெற்றோர் தவித்த நிகழ்ச்சியாக இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, இது நமக்குப் பெரிய ஆறுதல். திருக்குடும்பம் என்றதும் சண்டை இல்லாத, கண்ணீர் இல்லாத, கேள்வி இல்லாத ஒரு வீட்டை நாம் கற்பனை செய்கிறோம். லூக்கா அப்படிச் சொல்லவில்லை. அந்த வீட்டிலும் பெற்றோர் பதறினார்கள். அந்த வீட்டிலும் மகன் சொன்னது பெற்றோருக்குப் புரியவில்லை. பதின்பருவத்துப் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த நற்செய்தி சொந்தமானது.

இன்று உலகில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழு பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஏழு பேரில் ஒருவர் என்றால் நம் மறைக்கல்வி வகுப்பை நினைத்துப் பாருங்கள். பீடச்சிறார் வரிசையை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 13,000-க்கும் மேற்பட்ட மாணவ, மாணவியர் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டதாக அரசின் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. காரணம் ஒன்றல்ல, பல. எல்லாவற்றுக்கும் பெற்றோரைக் குறை சொல்வது அநீதி. ஆயினும், ஒரு பிள்ளையின் மனம் தாங்கி நிற்பதற்குக் குடும்ப உறவு எவ்வளவு பெரிய தூண் என்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டுகிறது. நற்செய்தி காட்டும் மூன்று படிகளில் அந்த அனுபவத்தைப் பார்ப்போம்.

முதல் படி: பிள்ளை நம்மோடு இல்லை என்பதை உணர்வது.

யோசேப்பும் மரியாவும் ஒரு நாள் முழுவதும் நடந்தார்கள். பிள்ளை உறவினரோடு வருகிறான் என்றே எண்ணினார்கள். அது அலட்சியம் அல்ல. நாசரேத்திலிருந்து எருசலேம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாஸ்கா விழாவுக்கு ஊரே கூட்டமாகச் செல்லும், கூட்டமாகத் திரும்பும். சித்தப்பா, பெரியம்மா, அண்டை வீட்டார் எல்லாருமே பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அங்கே இருந்தது. இயேசு பெற்றோரின் கைப்பிடிக்குள் மட்டும் வளரவில்லை, பெரிய உறவுக் கூட்டத்தில் இயல்பாகப் பழகி வளர்ந்தார் என்று திருத்தந்தை பிரான்சிஸ் இளையோருக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' மடலில் இந்தப் பகுதியைத்தான் சுட்டிக்காட்டுகிறார்.

ஆனால் மாலையில் அவர்கள் தேடினார்கள். காணவில்லை என்று தெரிந்ததும் பயணத்தை நிறுத்தினார்கள். வந்த வழியே திரும்பினார்கள்.

ஓர் ஊரே இப்படித் திரும்பி நடக்க முடியுமா? ஐஸ்லாந்து என்னும் சிறிய நாட்டைப் பாருங்கள். வட அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள தீவு. மொத்த மக்கள்தொகை நான்கு இலட்சத்துக்கும் குறைவு. அங்கே 1998-இல் 15, 16 வயது மாணவர்களிடம் கேட்டபோது, கடந்த 30 நாள்களுக்குள் குடித்துப் போதையில் இருந்ததாக 42 விழுக்காட்டினர் சொன்னார்கள். வார இறுதி இரவுகளில் தலைநகர் ரெய்க்யவிக்கின் தெருக்களில் போதையில் திரியும் பிள்ளைகளைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள்.

அவர்கள் பிள்ளைகளைத் திட்டி ஓயவில்லை. எந்தப் பிள்ளைகள் தப்பிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். வார நாள்களில் பெற்றோரோடு நேரம் செலவிடுபவர்கள், விளையாட்டிலோ இசையிலோ ஒழுங்காகப் பங்கேற்பவர்கள், பள்ளியில் தங்கள்மேல் அக்கறை காட்டப்படுவதை உணர்பவர்கள், இரவில் நெடுநேரம் வெளியே திரியாதவர்கள் என்று தெரிந்தது. அதன்பின் ஊரே சேர்ந்து வேலை செய்தது. குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் இரவு 10 மணிக்குமேல் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பிள்ளைகள் விளையாட்டும் இசையும் கற்க உள்ளாட்சிகள் குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுத்தன. பெற்றோர் குழுவாகச் சேர்ந்து வார இறுதி இரவுகளில் தெருக்களில் நடந்தார்கள். பெற்றோரோடு வார நாள்களில் அடிக்கடி நேரம் செலவிடும் பிள்ளைகளின் பங்கு 1997-க்கும் 2012-க்கும் இடையே ஏறத்தாழ இரு மடங்கானது. அந்த 42 விழுக்காடு, 2016-இல் 5 விழுக்காடாகக் குறைந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. அந்தப் பெற்றோர் "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்துகொண்டிருக்கவில்லை. நின்றார்கள், திரும்பினார்கள், தேடினார்கள்.

நம் வீடுகளில் பிள்ளை தொலைவது தெருவில் மட்டும் அல்ல. பக்கத்து அறையில் இருந்தபடியே தொலைந்துபோகலாம். சாப்பிட வருவான், பேச மாட்டான். முன்பெல்லாம் அன்பியக் கூட்டத்தில் ஓடியாடி உதவி செய்த பெண், இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வாள். நன்றாகத் தூங்கிய பிள்ளை தூங்காது. விரும்பிய விளையாட்டையும் நண்பர்களையும் விட்டுவிடும். "வயசு அப்படி" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சில வேளை அது உண்மை. வாரக்கணக்கில் நீடித்தால், அது வயது மட்டும் அல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்வு' மடலின் ஏழாம் அதிகாரத்தில் இதைத்தான் கேட்கிறார்: பிள்ளை இப்போது எந்த இடத்தில், யாரோடு இருக்கிறது என்பதைவிட, அதன் உள்ளம் எங்கே இருக்கிறது, எதை விரும்புகிறது, எதை நோக்கிப் போகிறது என்பது பெற்றோருக்குத் தெரியுமா? செல்பேசியில் பிள்ளை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பிள்ளையின் உள்ளம் இருக்கும் இடத்தை அது காட்டாது.

இரண்டாம் படி: கேட்பது.

மூன்று நாள்களுக்குப்பின் கோவிலில் இயேசுவைக் கண்டபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவே அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டார், கேள்வியும் கேட்டார். நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஒரு செய்தி இதில் இருக்கிறது. அந்தப் பெரியவர்கள் 12 வயதுப் பிள்ளைக்குத் தங்கள் நடுவில் இடம் கொடுத்தார்கள். "போய் அம்மாவோடு நில்" என்று அவர்கள் விரட்டியிருந்தால், அந்த மூன்று நாள்கள் எப்படி நடந்திருக்கும்?

பிறகு அன்னை மரியா பேசுகிறார். அவர் மகனை அடிக்கவில்லை, ஊரார்முன் அவமானப்படுத்தவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார். உன் தந்தையும் நானும் தவித்தோம் என்று தம் வேதனையை மறைக்காமல் சொல்கிறார். அதிலும் தம் பெயரைப் பின்னால் வைத்து, யோசேப்பை முன்னால் வைக்கிறார். தந்தையும் தாயும் ஒரே குரலாக நிற்கிறார்கள். மகன் பதில் சொல்கிறார். அந்தப் பதில் அவர்களுக்குப் புரியவில்லை. புரியாததை அன்னை தூக்கி எறியவில்லை, உள்ளத்தில் பதித்துவைக்கிறார். கேட்பது என்றால் இதுதான். உடனே புரிந்துகொள்வது அல்ல, உடனே தீர்ப்புச் சொல்வதும் அல்ல.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் 12,000 பேருக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 1997-இல் வெளிவந்தது. மனவேதனை, தற்கொலை எண்ணம், வன்முறை, போதை எனப் பல ஆபத்துகளிலிருந்து பிள்ளைகளைக் காப்பது எது என்று அதில் பார்த்தார்கள். பெற்றோர் வீட்டில் இருப்பது உதவியது. ஆனால் அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது, "அம்மா, அப்பாவுக்கு நான் வேண்டும்; அவர்கள் என்னை நேசிக்கிறார்கள்" என்று பிள்ளை உணர்வதன் பயன். நாம் நேசிப்பது மட்டும் போதாது. நேசிக்கப்படுவது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

"ஃபாதர், என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?" என்று சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நம் கடற்கரைப் பங்குகளிலும் உள்நாட்டுப் பங்குகளிலும் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் வாழ்கின்றன. நம்மைப்போன்ற இன்னொரு மக்கள் பிலிப்பீன்ஸ் நாட்டினர். ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு அது. அங்கிருந்து தந்தையர் கப்பல்களுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். தாய்மார்களும் செவிலியராகவும் வீட்டுப் பணியாளராகவும் ஹாங்காங், வளைகுடா, இத்தாலி என்று போகிறார்கள். பிறர் வீட்டுப் பிள்ளையைத் தாலாட்டும் தாய், தன் பிள்ளையைத் திரையில்தான் பார்க்கிறாள். இங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது 'லோலா', அதாவது பாட்டி.

அந்நாட்டு ஆயர் பேரவையின் புலம்பெயர்ந்தோர் பணிக்குழுவும் ஸ்கலபிரினி ஆய்வு மையமும் பிறரும் சேர்ந்து இந்தப் பிள்ளைகளைச் சந்தித்துப் பேசி, 2004-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பெற்றோர் வெளிநாட்டில் இருப்பதாலேயே பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சு உண்மை அல்ல என்று அது காட்டியது. உடனிருந்து அன்போடு பார்த்துக்கொள்ளும் உறவினர் உள்ள வீடுகளில் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். அதே வேளையில், தாய் தொலைவில் உள்ள பிள்ளைகளிடம் தனிமையும் ஏக்கமும் கூடுதலாக இருந்தன. பணம் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது, ஏக்கத்தைத் தீர்க்கவில்லை.

ஆகவே தொலைவில் உள்ள தந்தையரே, தாய்மாரே, இந்த வானொலியை நீங்களும் எங்கோ ஓர் அறையில் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் உழைப்புக்குத் திருச்சபை தலைவணங்குகிறது. ஒரு வேண்டுகோள் மட்டும். வீடியோ காலில் "மார்க் எவ்வளவு? டியூஷன் போனாயா? அம்மா சொல்வதைக் கேட்கிறாயா?" என்ற மூன்று கேள்விகளோடு முடித்துவிடாதீர்கள். உங்கள் நாள் எப்படிப் போனது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். வெயிலைச் சொல்லுங்கள், சமைத்ததைச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அதையும் சொல்லுங்கள். மரியா தம் தவிப்பை மகனிடம் சொன்னாரே! பெற்றோர் மனம் திறந்தால் பிள்ளையும் திறக்கும்.

மூன்றாம் படி: வீட்டில் ஒரு பங்கு கொடுப்பது.

நிகழ்ச்சி கோவிலில் முடியவில்லை. இயேசு அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பினார், அவர்களுக்குப் பணிந்து நடந்தார், ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து, இறைவனுக்கும் மனிதருக்கும் உகந்தவராக வளர்ந்தார் என்று லூக்கா முடிக்கிறார். போதகர்களை வியக்கவைத்த பிள்ளை, தச்சுப் பட்டறைக்குத் திரும்பியது. அந்த வீட்டில் அவருக்கு வேலை இருந்தது. அவர் அங்கே தேவைப்பட்டார்.

கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ ஃபுலிக்னி என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஆசிய, இலத்தீன் அமெரிக்க, ஐரோப்பியப் பின்னணி கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆசிய, இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் வந்த பிள்ளைகளுக்குக் குடும்பக் கடமை உணர்வு அதிகம். தம்பியைப் பார்த்துக்கொள்வது, சமையலில் உதவுவது, பெற்றோருக்கு மொழிபெயர்ப்பது என்று வேலைகள் இருந்தன. இது சுமையாகி அவர்கள் மனத்தை நோகடிக்கும் என்று பலர் எண்ணினார்கள். 14 நாள்கள் ஒவ்வோர் இரவும் பிள்ளைகளே குறித்துக்கொடுத்ததைப் பார்த்தபோது, பொதுவாக அப்படி இல்லை. வீட்டுக்கு உதவிய நாள்களில், "இன்று நான் நல்ல மகனாக, நல்ல மகளாக இருந்தேன்" என்ற நிறைவு வந்தது. அதனால் மகிழ்ச்சியும் கூடியது. இது எல்லாப் பண்பாட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தியது.

ஆனால் எச்சரிக்கையும் உண்டு. இதே ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், குடும்பக் கடமை உணர்வு அளவோடு இருந்த பிள்ளைகளைவிட, அது மிகவும் மேலோங்கி நின்ற பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதைக் கண்டார்கள். கடமை பிள்ளையை வளர்க்கும். பிள்ளையின் தோளில் முழு வீட்டையும் ஏற்றினால் நசுக்கிவிடும். வீட்டுக் கடனைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரியலாம்; அதை அடைப்பதற்காகத்தான் நீ பிறந்தாய் என்று ஒவ்வொரு நாளும் சொல்லக் கூடாது. குடிக்கும் தந்தைக்கும் அழும் தாய்க்கும் நடுவில் 14 வயதுப் பெண்ணை நடுவராக நிறுத்தக் கூடாது.

இன்னொரு பக்கம், "நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம், படித்தால் போதும்" என்று சொல்லும் வீடுகளும் நம்மிடையே பெருகிவிட்டன. அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: "இந்த வீட்டில் என் மதிப்பு என் மதிப்பெண்தான்." தேர்வில் தோற்கும் அன்று, வீட்டில் தனக்கு இடமே இல்லை என்று அந்தப் பிள்ளை எண்ணிவிடுகிறது. தண்ணீர் பிடிக்கவும், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், குடும்ப செபத்தில் வாசகம் வாசிக்கவும் ஓர் இடம் இருந்தால், தோற்ற நாளிலும் அந்த இடம் இருக்கும். மதிப்பெண் குறைந்தாலும் பாட்டிக்கு அவன் வேண்டும்.

பதின்பருவத்துத் தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இயேசு தம் பெற்றோரிடம் கேள்வி கேட்டார். அது பாவம் அல்ல. கேட்டபின் அவர்களோடு வீடு திரும்பினார். தம்மைப் புரிந்துகொள்ளாத பெற்றோரோடும் அவர் வாழ்ந்தார், அவர்களை நேசித்தார். உங்கள் பெற்றோருக்கும் எல்லாம் புரியாது. இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். வீட்டில் சொல்ல முடியாத வேதனை என்றால், நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம், அருள்சகோதரியிடம், பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதை மறைக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். வீட்டிலோ வெளியிலோ யாராவது உங்களைத் துன்புறுத்தினால் 1098 என்ற எண்ணில் சிறார் உதவி கிடைக்கும். அழைப்பது கோழைத்தனம் அல்ல.

பெற்றோரே, பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால், "சாத்தான் சோதிக்கிறான், செபம் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். செபியுங்கள். அதோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல் வந்தால் இரண்டையும்தானே செய்கிறோம்? மனம் நோயுற்றாலும் அப்படித்தான்.

இந்த வாரம் நாம் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, நாளில் ஒரு வேளையாவது செல்பேசிகளை ஓரமாக வைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்; அந்த வேளையில் மதிப்பெண் பேச்சு வேண்டாம். இரண்டு, குடும்பத்தில் தயவுசெய்து, நன்றி, மன்னித்துவிடு என்ற மூன்று சொற்களும் புழங்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அவற்றைப் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பதற்கு முன்னால் பெரியவர்கள் நாம் சொல்லத் தொடங்குவோம். மூன்று, நம் அன்பியத்தில் பெற்றோர் தொலைவில் உள்ள பிள்ளை யார், தாயோ தந்தையோ இல்லாத பிள்ளை யார், சில வாரங்களாகக் கோவிலில் காணாத பிள்ளை யார் என்று பார்த்து, அந்த வீட்டுக்குப் போய் வருவோம். யோசேப்பும் மரியாவும் முதலில் உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும்தான் தேடினார்கள். ஒரு பிள்ளையைத் தேடும் பெற்றோர் நம்மிடம் வரும்போது, நமக்கு அந்தப் பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டும்.

மன்றாடுவோம்.

நாசரேத்து வீட்டில் வளர்ந்த ஆண்டவராகிய இயேசுவே, எங்கள் வளரிளம் பிள்ளைகளை உம்மிடம் ஒப்படைக்கிறோம். அவர்கள் பேசாத வேதனையை நீர் அறிவீர். பிள்ளைகள் எங்களை விட்டு விலகிப்போவதைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். நின்று, திரும்பி, தேடும் துணிவைத் தாரும். புரியாததையும் பொறுமையோடு உள்ளத்தில் வைத்துக்கொள்ள உம் அன்னையின் மனத்தைத் தாரும். கடல் கடந்து உழைக்கும் பெற்றோரையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் ஒரே அன்பில் கட்டிவைத்தருளும். தங்கள் பிள்ளையை இழந்து தவிக்கும் பெற்றோரை உம் மார்போடு அணைத்துக்கொள்ளும். எங்கள் வீடுகள் எல்லாம், தோற்றாலும் திரும்பி வரக்கூடிய வீடுகளாக இருக்கச் செய்தருளும். ஆமென்.